பறை, பறையன், பரையா: ஒரு சொல்லின் ஐந்நூறு ஆண்டுகள்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் அவருடைய வாழ்க்கையை மறுபடி முழுக்கச் சொல்லப்போவதில்லை. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அவர் அமர்ந்ததையும், பொது வழி, பொதுக் கிணறு உரிமைக்காகச் சட்டமன்றத்தில் 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தையும் நீங்கள் அறிவீர்கள். அவருடைய ஏட்டின் பெயரை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய ஏட்டுக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். அந்த ஒரு சொல்லை யார் யார் எடுத்துப்போனார்கள், எதற்கெல்லாம் பெயராக வைத்தார்கள், நாம் அதை என்ன செய்தோம் என்பதே நம் பேச்சு.

இதை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவி ஒருவர் தன் கல்லூரியில் நடந்ததைச் சொன்னார். ஆங்கில வகுப்பில் ஒரு செய்தித்தாள் கட்டுரையை வாசிக்கிறார்கள். 'பரையா ஸ்டேட்' என்று வருகிறது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்று ஆசிரியர் பொருள் சொல்கிறார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவர் கேட்கிறார். லத்தீனாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். அந்த வகுப்பில் விடை தெரிந்தவர் நம் மாணவி ஒருவர்தான். அவர் வாய் திறக்கவில்லை. "சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே" என்றார் நம்மிடம். தன் ஊரின் சொல், தன் குடியின் பெயர், உலகத்தின் பாதி மொழிகளில் புழங்குகிறது. அதைச் சொன்னால் தன் சாதி தெரிந்துவிடும் என்று ஒரு பெண் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். தமிழில் 'பறை' என்பதற்குப் பொருள் பல. முழங்கும் கருவி பறை. சங்கப் பாடல்களில் பறவையின் சிறகும் பறை, பறத்தலும் பறை. நெல் அளக்கும் அளவுக்கும் பறை என்ற பெயர் உண்டு. கேரளத்தில் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. பறைதல் என்றால் பேசுதல், சொல்லுதல். மலையாளத்தில் அன்றாடச் சொல்லே அதுதான். யாழ்ப்பாணத்துத் தமிழரும் 'பறையிறது' என்பார்கள்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. பறையில்லாத நிலம் அந்த இலக்கணத்தில் இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டு சிறந்த குடிகளாக நான்கைச் சொல்கிறது. அதில் பறையனும் ஒருவன். திருப்பாவையில் ஆயர்குலப் பெண்கள் கண்ணனிடம் கேட்பதும் பறைதான். அங்கே அதற்கு இறைத்தொண்டு என்று வைணவ உரையாசிரியர்கள் உட்பொருள் விரித்தார்கள். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்க அந்தச் சொல் கேட்கிறது. யாருக்கும் கூசுவதில்லை. சொல்லின் முடிவில் ஒரு 'யன்' சேர்ந்துவிட்டால் மட்டும் கூசுகிறது.

அந்தக் கூச்சம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்; சாதியே காலனியம் செய்த வேலை என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு இருக்கிறது. வரி நீக்கிய நிலங்களை எண்ணுகிற இடத்தில் ஊர்நத்தம், குளம், கம்மாளர் சேரி, சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அதே கல்வெட்டுகளில் இருக்கிறது. போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றுகூட இந்தக் கடலுக்கு வராத 11ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டிய சொற்கள் இவை. பெயரை இழிவாக்கும் வேலை இங்கேயே தொடங்கிவிட்டது. கடல் கடந்தவர்கள் இழிவான பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, குடியையும் கருவியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

1516 வாக்கில் துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் மலபார்க் கரையைப் பற்றி எழுதிய நூலில் 'பரேயா' என்று ஒரு மக்கள் வருகிறார்கள். ஆளில்லாத இடங்களில் வாழும் தாழ்ந்த மக்கள் என்று அவர் எழுதினார். அதன்பின் அந்தச் சொல் டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பரவியது. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய சொற்களுக்கெல்லாம் யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886இல் வந்தது. அதில் இந்தச் சொல்லுக்கு நீண்ட பதிவு உண்டு. மதராஸ் நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவர்கள் என்கிறது; அங்குள்ள ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இவர்களே என்கிறது. ஐரோப்பியன் இந்தச் சொல்லை எங்கே கற்றான் என்பது இதில் விளங்கும். அவனுக்குச் சமைத்துப் போட்டவர், அவன் குழந்தையைத் தூக்கிச் சுமந்த ஆயா, குதிரையைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் எல்லாம் நம் ஆட்கள். அந்த வீட்டின் மற்ற வேலையாட்கள் அவர்களை எந்தத் தொனியில் அழைத்தார்களோ அந்தத் தொனியோடு சேர்த்தே அவன் சொல்லைக் கற்றுக்கொண்டான்.

அதே பதிவில் நமக்குக் கசப்பான ஒரு வரியும் உண்டு. பறையர் தாம் மேலிருந்து பெறும் இழிவைத் தமக்குக் கீழ் என்று கருதுவோருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று செருப்புத் தைக்கும் சாதியையும் ஒடுக்கப்பட்ட வண்ணாரையும் சுட்டி அகராதி சொல்கிறது. எழுதியவன் வெள்ளைக்காரன் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. அருந்ததியர் தோழர்களும் புதிரை வண்ணார் தோழர்களும் நம் மேடைகளிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அகராதியில் அடுத்தடுத்து வரும் சொற்களைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் விற்ற, குடலை அரிக்கும் மட்டச் சாராயம் 'பரையா அரக்கு'. தெருவில் திரியும் நாட்டு நாய் 'பரையா டாக்'. குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் பருந்து 'பரையா கைட்'. சாராயத்துக்கும் நாய்க்கும் பறவைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? சொந்தக்காரன் இல்லை, விலை இல்லை, எங்கும் கிடைக்கும். இந்த மூன்று குணங்களையும் ஒரு குடியின் பெயரில் ஏற்றிவிட்டார்கள்.

பருந்துக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஊரில் இரண்டு பருந்துகளை எல்லோரும் பார்த்திருப்போம். ஒன்று உடல் முழுக்கச் செம்பழுப்பு, தலையும் மார்பும் வெள்ளை. செம்பருந்து என்போம், கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோரும் உண்டு. மற்றது கரும்பழுப்பு, வால் பிளந்திருக்கும். கள்ளப்பருந்து, ஊர்ப்பருந்து என்போம். முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'பிராமினி கைட்', இரண்டாவதற்குப் 'பரையா கைட்'. செத்த மீனையும் கழிவையும் இரண்டுமே தின்னும். துறைமுகத்திலும் மீன் இறங்கும் துறைகளிலும் இரண்டும் ஒரே வானத்தில் சுற்றும். தொழில் ஒன்று, உணவு ஒன்று, வருணம் மட்டும் வேறு. இதில் வேடிக்கை, விலங்கியலார் கள்ளப்பருந்தின் இந்திய வகைக்கு வைத்த லத்தீன் பெயரில் 'கோவிந்தா' இருக்கிறது. பெருமாள் பெயரைச் சுமந்த பறவையைத்தான் சேரியில் விட்டார்கள்.

சலீம் அலி 1941இல் எழுதிய இந்தியப் பறவைகள் நூலிலும் 'பரையா கைட்' என்ற பெயரே இருந்தது. இப்போது பறவைப் பட்டியல்கள் அதைக் 'கருப்புப் பருந்து' என்ற பொருள்படும் பெயரால் மாற்றிவிட்டன. நாய் வளர்ப்போரும் தெரு நாய்க்கு 'இண்டி' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் பிராமினி கைட் இன்றும் பிராமினி கைட்தான். பிராமினி வாத்து, பிராமினி மைனா, மண்புழுபோல நெளியும் பிராமினிக் குருட்டுப் பாம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. இழிவு என்று தோன்றியதை மட்டும் துடைத்துவிட்டுப் பெருமை என்று தோன்றியதைக் கைவைக்காமல் விட்டார்கள். ஒரு பறவைக்குச் சாதி வைப்பதே தவறு என்று நினைத்திருந்தால் இரண்டு பெயரும் சேர்ந்தே போயிருக்கும்.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791இல் பெர்னார்தின் தெ சேன்பியேர் 'இந்தியக் குடிசை' என்ற சிறு கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகெங்கும் அலையும் ஆங்கில அறிஞர் ஒருவர் பூரி ஜகந்நாதத்தின் தலைமைப் பிராமணரிடம் போய் ஏமாந்து திரும்புகிறார். வழியில் புயலில் சிக்கி ஒரு பறையனின் குடிசையில் ஒதுங்கி, தேடிய விடையை அங்கே பெறுகிறார். 1821இல் காசிமிர் தெலாவீஞ் 'பரையா' நாடகத்தைப் பாரிஸில் மேடையேற்றினார். அதன் நாயகன் இதமோர் தன் பிறப்பை மறைத்துக் காசியில் படைத்தலைவனாகிறான். தலைமைப் பூசாரியின் மகளைக் காதலிக்கிறான். பிறப்பு வெளிப்பட்டதும் கொல்லப்படுகிறான். தோனிசெத்தி 1829இல் அதை இசை நாடகமாக்கினார், போலந்தின் மோனியுஷ்கோ 1869இல் மறுபடியும் ஆக்கினார். மறைத்து வாழ்பவனின் அச்சத்தை அவர்கள் சரியாகவே பிடித்தார்கள். வகுப்பில் வாய் திறக்காத நம் மாணவிக்கு இதமோரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மானியக் கவிஞர் கோதே 1824இல் வெளியிட்ட 'பரையா' என்ற மூன்று பகுதிக் கவிதையின் மூலக் கதை நம் ஊர்க் கதை. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியான தன் நூலில் எழுதிய ரேணுகை மாரியம்மன் கதை அது. தாயின் தலையை வெட்டிய மகன் அவளை மீட்கும்போது, கொலைத்தண்டனை பெற்ற பறைச்சி ஒருத்தியின் உடலில் அந்தத் தலையைப் பொருத்திவிடுகிறான். முனிவர் மனைவியின் தலை, பறைச்சியின் உடல். இரண்டும் சேர்ந்து ஒரு தெய்வம். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நம் பாட்டிமார் வாயில் இருந்த கதை வைமர் நகரத்தில் கவிதையானது. ஆனால் பாட்டிமாருக்குத் தலையும் உடலும் வேறு வேறு ஆட்களுடையவை என்பது எப்போதும் நினைவிருந்தது.

அதன்பின் சொல் முழுக்கக் கைமாறிவிட்டது. 1838இல் பிரெஞ்சு சமதர்மப் பெண்மணி ஃப்ளோரா திரிஸ்தான் தன் பெரு நாட்டுப் பயண நூலின் தலைப்பில் தன்னையே பரையா என்று அழைத்துக்கொண்டார். கணவனை விட்டு வந்தவர், மணவிலக்குக்குச் சட்டம் இடம் தராத காலம். பெர்னார் லசார் என்ற யூதச் சிந்தனையாளர் ஒடுக்கப்பட்ட தன் மக்களுக்கு அந்தச் சொல்லை எடுத்தார். சமூகவியலார் மாக்ஸ் வேபர் யூதரைப் 'பரையா மக்கள்' என்று இலக்கணப்படுத்தினார். ஹன்னா அரெண்ட் 1944இல் பரையாவாகிய யூதர் பற்றி எழுதிய கட்டுரையில், தான் ஒதுக்கப்பட்டவன் என்று உணர்ந்து அதையே எதிர்ப்பாக்கும் 'விழிப்புற்ற பரையா'வை லசாரிடமிருந்து எடுத்து வளர்த்தார்.

அரெண்ட் மீது நமக்குக் கோபமில்லை. அந்த ஆண்டு அவருடைய மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்தார். வேபரோடு மட்டும் கொஞ்சம் வழக்கிட வேண்டும். அவருடைய பரையா மக்கள் என்பவர்கள் பிறர் நாட்டில் நிலமற்று ஒட்டி வாழும் 'விருந்தினர்'. பறையர் எந்த நாட்டுக்கு விருந்தினர்? செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் தென்னார்க்காட்டிலும் நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்துப் போரடித்தவர்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. நிலம் இல்லாமல் இருந்தது உண்மை, ஆனால் அந்த நிலத்தை நிலமாக்கியவர்கள் அவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் என்ற சொல்லே உழைப்பை மறைத்துவிடுகிறது. நம்மைக் களத்துக்கு வெளியே நிறுத்தவில்லை, களத்தின் நடுவில் கட்டிவைத்தார்கள். 2014இல் வந்த ரூபா விஸ்வநாத்தின் 'பரையா பிரச்சினை' பற்றிய ஆங்கில நூல் இந்த உழைப்பு அடிமைத்தனத்தை ஆவணங்களோடு காட்டுகிறது. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

இதே சொல் இன்னொரு தாளிலும் ஏறியது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கேட்டால் வெளியேற்றுகிறார்கள் என்று அதில் இருந்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. பாரிஸ் மேடையில் பார்வையாளர் கண்ணீர் விட்டதால் நமக்கு ஒரு சென்ட் நிலம் வரவில்லை. செங்கல்பட்டின் அறிக்கையால் வந்தது. வந்த நிலம் கைமாறிப்போனதும், அதை மீட்கக் காரணை ஊரில் எழுந்த போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் விழுந்ததும் உங்களில் பலருக்கு நேரில் தெரிந்த வரலாறு.

பெயரை நாமே கையில் எடுத்த கதை மிச்சமிருக்கிறது. இரட்டைமலையாரும் பண்டிதர் அயோத்திதாசரும் உறவுமுறையில் மைத்துனர்கள். ஒரே சொல்லில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். பறையன் என்பது பகைவர் சூட்டிய இழிபெயர், அதை ஏற்கவே கூடாது என்றார் பண்டிதர். அவருடைய வரலாற்றில் நாம் பூர்வ பௌத்தர். வேஷ பிராமணரின் பொய்யை ஊருக்குப் பறைந்தவர்கள், அதாவது எடுத்துச் சொன்னவர்கள். அந்தப் பறைதலே வசையாகத் திருப்பப்பட்டது. குடிக்கணக்கில் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னார். 1907இல் தொடங்கிய தன் ஏட்டுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். பிறகு அது 'தமிழன்' ஆயிற்று.

இரட்டைமலையார் வேறு வழியில் போனார். பெயரை மறைத்துக்கொண்டு வாழ்பவன் உரிமை கேட்க முடியாது, நான் இன்னான் என்று சொல்லி நின்றால்தான் கேட்க முடியும் என்பது அவர் நிலை. 'பறையன்' ஏடு, பறையர் மகாஜன சபை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதியாரே அதிகாரிகளாகி நம்மை நசுக்குவார்கள் என்று அந்தச் சபை 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. 112 அடி நீளம், 3,412 பேர் கையெழுத்து. 'பரையா' என்ற சொல்லை அதுவரை கதையிலும் நாடகத்திலும் கேட்டிருந்த ஐரோப்பாவுக்கு, அந்தப் பெயருக்குரியவர்களே கையெழுத்துப் போட்ட தாள் போய்ச் சேர்ந்தது.

இருவரில் யார் சரி என்று நம் கூட்டங்களில் சண்டை நடப்பதுண்டு. எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பண்டிதர் வரலாற்றை மீட்கப் பெயரை மறுத்தார், இரட்டைமலையார் உரிமையைக் கேட்கப் பெயரைப் பிடித்தார். அவரவர் எடுத்துக்கொண்ட வேலைக்கு அவரவர் கருவி சரி. ஆனால் கருவியை வேலையோடு சேர்க்காமல் தனியே தூக்கிக்கொண்டு இன்று பெருமை பேசுகிறவர்களைப் பார்க்கும்போது நமக்குக் கவலை வருகிறது. இரட்டைமலையாரின் 'பறையன்' ஆண்ட பரம்பரைக் கூச்சல் அல்ல, அது வழக்காடிய ஏடு.

1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் மதராஸ் அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத ஆணையிட்டது. காந்தியார் ஹரிஜன் என்றார். அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்றுவதை எதிர்த்து 1938இல் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். இன்றைய பட்டியலில் ஆதி திராவிடர், பறையர் இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் சான்றிதழில் ஒன்றும் தம்பி சான்றிதழில் மற்றதும் இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்காக அலைந்தவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

கருவியும் அப்படித்தான். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எத்தனையோ ஊர்களில் நம் பெரியவர்கள் மறுத்தார்கள், அதற்காக அடி வாங்கினார்கள், சிலர் பறையை எரித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று காலில் சலங்கை கட்டி மேடையில் அதே பறையை அடிக்கிறார்கள். எரித்த தாத்தாவும் அடிக்கிற பேத்தியும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது யாரைத் தவறு என்பது? கூலியும் கட்டாயமும் இருந்த இடத்தில் எரித்தார். விருப்பமும் மேடையும் இருக்கும் இடத்தில் அடிக்கிறாள். ஆனால் அவளை மறுபடி சாவு வீட்டுக்குக் கூப்பிட ஊர் காத்திருக்கிறது என்பதைத் தாத்தா அறிவார், அதனால்தான் அவர் முகம் திருப்பிக்கொள்கிறார்.

நம் வாசிப்பு வட்டம் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊரில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் குளம், தெரு, பூச்சி, பறவை, வசை, பழமொழி எதுவானாலும் எழுதிக் கொடுங்கள். யார் சொன்னது, எந்த வயதினர், எந்தத் தொனியில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வண்ணத்துப்பூச்சியைச் சில ஊர்களில் 'பாப்பாத்தி' என்பார்கள், அதையும் எழுதலாம். அந்த மாணவிதான் முதல் பக்கத்தை எழுதினார். தன் பாட்டி கள்ளப்பருந்தை எப்படி அழைப்பார் என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் ஊரையும் போட்டிருக்கிறார்.